நடுவில் நிறுத்தும் வேலை

வெப்சைட் செய்து பிழைப்பவர்களுக்குத் தெரியும், பாதி ஆயுள் ஒரு பக்கத்தைத் திரையின் நடுவில் நிறுத்துவதிலேயே போய்விடும். மீதி ஆயுள், அது ஏன் நடுவில் நிற்கிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்குவதில் போகும். சக பாவிகளே, புதுக்கோட்டையில் ஒரு புதுக் கல்யாண மண்டபத்துக்கு நான் வெப்சைட் செய்த லட்சணத்தைக் கேளுங்கள்.

காலி மனை

பக்கத்தின் அகலம் தொள்ளாயிரத்து அறுபது பிக்சல் என்று முடிவு செய்து, மிச்ச இடத்தை இரண்டு ஓரமும் சமமாகப் பிரித்துக்கொள்ளும்படி ஸ்டைல் ஷீட்டில் எழுதினேன். பக்கம் கச்சிதமாக நடுவில் வந்து நின்றது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. மண்டபத்துக்காரரை வரச்சொல்லிக் காட்டினேன். அவர் மண்டபத்தின் படத்தைப் பார்க்கவே இல்லை, இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடம் விட்டால்தான் படிக்க வசதி என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் சரி ஆத்தா. இங்கிட்டு என் தம்பி, அங்கிட்டு என் மச்சினன், ரெண்டு பேரையும் கும்புட்ட மாதிரி போட்டு விட்ரு. ஃபிளெக்ஸ்ல இப்புடி எடத்தக் காலியா விட்டா சொந்தக்காரன் நம்மள விடுவானா?”

காணாமல் போன மச்சினர்

போட்டேன். இடது ஓரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, வலது ஓரத்தில் மச்சினர். அதற்கேற்ப அகலத்தையும் கூட்டினேன். கம்ப்யூட்டரில் அமோகமாக இருந்தது. செல்போனிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது இந்த மேதைக்குத் தோன்றவில்லை. அகலத்தைத்தான் ஆணி அடித்து வைத்துவிட்டேனே, அது செல்போனுக்காகச் சுருங்குமா? தம்பி முழுசாகத் தெரிந்தார். மச்சினர் திரைக்கு வெளியே போய்விட்டார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினால்தான் கிடைப்பார்.

முதலில் கண்டுபிடித்தது மண்டபத்துக்காரரின் மனைவி. திறப்பு விழா நெருங்கிவிட்டது, குத்துவிளக்கு ஏற்றப் போகிறவரே அந்த அம்மாவின் அண்ணனான இந்த மச்சினர்தான். போனில் பிடித்துக்கொண்டார்.

“எங்கண்ணன வெட்டிப்புட்டு கொழுந்தன மட்டும் வச்சிருக்கியே, இத அண்ணன் பாத்தா வருமா? அண்ணன் வரலேன்னா நானும் மண்டபத்துப் படி ஏற மாட்டேன், ஆமா.”

முந்திக்கொண்டேன்

பதறிப்போய் அகலத்தைத் தளர்த்தி, செல்போனிலும் இரண்டு பேரும் அருகருகே தெரியும்படி திருத்தினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் கெட்ட நேரம், நேரில் போய் மன்னிப்பு கேட்பதுதான் மரியாதை என்று தோன்றியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மச்சினரின் ஊரான வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். மச்சினர் தன் போர்வெல் லாரிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்த ஓரத்தில் அவர் காணாமல் போனார் என்று குச்சியால் தரையில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் இன்னும் அதப் பாக்கவே இல்லையே ஆத்தா. சரி, எம்மூஞ்சி தெரியாம அவுக தம்பி மூஞ்சி மட்டும் எத்தன நாளா தெரிஞ்சுச்சு?”

திறப்பு விழா

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் தங்கையை நானே பிரித்துவிட்டேன் என்று உண்மையாகவே அழுதேன். விழா அன்று காலையில் அந்த அம்மா சொன்னபடியே படி ஏறாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மண்டபத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அவர்கள் கண்ணில் படாமல் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில் போர்வெல் லாரி வந்து நின்றது. மச்சினர் சீர்த் தட்டுகளோடும் பாதி ஊரோடும் இறங்கினார். தங்கையின் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டு போய்க் குத்துவிளக்கை ஏற்றினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போட்டோ எடுக்கும்போது மாலையும் கழுத்துமாக நட்டநடுவில் அவர்தான். ஒரு பக்கம் தங்கை, மறுபக்கம் மண்டபத்துக்காரர். லீவில் வந்திருந்த சிங்கப்பூர் தம்பி ஓரத்தில் பாதிதான் தெரிந்தார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து மேடையிலிருந்தே மச்சினர் சத்தம் போட்டார்:

“இந்தா ஆத்தா, நல்லாப் பாத்துக்க! நடுவுல நிக்கிறதுன்னா இப்புடித்தான் நிக்கணும்!”

அன்றிலிருந்து எந்தப் பக்கத்தையும் நடுவில் நிறுத்துவதற்கு முன்னால், அந்த வீட்டில் மச்சினர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டரையே திறக்கிறேன்.