இல்லாத காலுக்கு ஓடின மருந்து

பேய், பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். கடல்தொழில் செய்யிறவன் கண்டது கேட்டதையெல்லாம் நம்பினால் வலை போடேலுமே? இதைச் சொல்லவே வெக்கமாக் கிடக்கு. நம்பினால் நம்புங்கோ.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. பத்து வயசில ஷெல் பட்டுப் போனது. போன வருசம் அந்தப் பக்கத் தொடை வீங்கிப்போச்சு. ரத்தக்குழாய்க்குள்ள கட்டி இருக்கலாம், இருந்தால் இனிச் செயற்கைக்கால் போடேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அது இல்லாமல் படகில எப்பிடி நிக்கிறது, வீட்டில நாலு வயிறு. அந்தப் பயத்தோடதான் வவுனியாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனனான்.

மேசையில படுக்கவைச்சு, போர்வையால மூடி, தொடையில ஒரு மருந்தை ஏத்திச்சினம். அது ரத்தக்குழாய் வழிய ஓடுறது எக்ஸ்ரேயில தெரியுமாம், மேல நெஞ்சுப் பக்கம்தான் ஓடுமாம். எனக்கெண்டால் சூடு கீழ இறங்கினது, முழங்கால் தாண்டி, கணுக்கால் தாண்டி, விரல் வரைக்கும். மனப்பிரமை எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்.

படம் எடுக்கிற அக்கா அப்பதான் வேலைக்கு வந்தவா, கண்ணாடிக்கு அங்கால இருந்து திரையைப் பாத்தா. ஸ்பீக்கரில அவாவின்ரை குரல், எல்லாருக்கும் சொல்லுற அதே மாதிரி.

"தம்பி, இடது கால் விரலை மடக்காமல் நீட்டி வையுங்கோ."

நான் நீட்டினனான். சத்தியமா நீட்டினனான்.

பிறகு அவா உள்ள வந்து போர்வையைத் தூக்கிப் பாத்திட்டு அப்பிடியே நிண்டா.

கட்டி ஒண்டும் இல்லை, கடலுக்குப் போகலாம் எண்டார் டொக்டர். படத்திலயும் முழங்காலுக்குக் கீழ ஒண்டுமில்லை. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு அக்காட்டைக் கேட்டன். "வாய் தவறிச் சொல்லிப்போட்டன் தம்பி" எண்டா, என்ரை முகத்தைப் பாக்கேல்லை. ஆனால் இல்லாத அந்த விரலுகள் பத்து வயசில இருந்து இறுகி மடங்கித்தான் கிடந்தது, அந்த நோவை நான் மனுசிக்குக்கூடச் சொன்னதில்லை, விசர் பிடிச்சிட்டுது எண்டுவினம். அண்டைக்கு விரிஞ்சது விரிஞ்சதுதான், நோ இல்லை. சந்தோசப்படத்தானே வேணும்?

இப்ப படகால இறங்கேக்கை அந்த விரலிடுக்கில ஈரமண் நெருடுது. கால் கழுவேக்கை அந்த இடத்திலயும் தண்ணி ஊத்திறன். ஊத்த மறந்தால், விடிய எழும்பிப் பாக்க, பாயில இடது பக்கம் மண் கிடக்குது.