நடுவில் நின்றவன்

கார்த்திகேஷுக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருந்தது. அதை ஆனையூரில் யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்திய நேரம் போக, குவாண்டம் கணினியின் மீக்கடத்திச் சிப்பில் வரிசையாக இருக்கும் மூன்று க்யூபிட்களில், அதாவது தகவல் தாங்கும் நுண்ணிய அலகுகளில், முதலாவதன் குவாண்டம் நிலையைக் கெடாமல் மூன்றாவதற்குக் கொண்டுசேர்க்கக் கணக்குப் போடுவான். நடுவிலிருப்பது ஓட்டைப் பாத்திரம். நிலை அதில் தங்கினால் பாழ். அதனால் கடைசி வரை நடுவைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருந்தான். படித்த நான்கு பேரில் அவனும் ஒருவன்.

வீட்டில் நடுவிலிருந்தது அவன்தான். சித்திரையில் அழகர்கோவில் போனபோது, அம்மா ராதாமணி கட்டிக்கொண்டுவந்த புளியோதரையில் உப்பு கூடிவிட்டது என்று அப்பா ராமதாஸ் உறவுக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரமும் அதோடு நின்றது. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மகன் வழியாகத் தமிழில் தூது விட்டார்கள்.

"உங்கப்பாட்ட காபி ஆறுதுன்னு சொல்லு."

"குடிக்கிறவனுக்குத் தெரியும்னு சொல்லு."

"இந்தா குடிக்கிறாராம்மா" என்பான் கார்த்திகேஷ். தன் சாமர்த்தியத்தில்தான் குடும்பம் ஓடுகிறது என்று வேறு நினைத்துக்கொள்வான்.

ஆடியில் ராதாமணிக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல்நாள் சாயங்காலம் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"எனக்குப் பயமா இருக்குடா. உங்கப்பாவக் கூட வரச் சொல்லு."

அப்பா மறுபடி புளியோதரையை இழுத்தால் என்னாவது? கார்த்திகேஷ் சேதியைப் பக்குவமாகத் திருத்தினான்.

"அம்மாவ நானே கூட்டிட்டுப் போறேன்ப்பா. நீங்க அலைய வேணாம்."

ராமதாஸ் பேப்பரை மடித்து வைத்தார். "சரி" என்றார். அம்மாவிடம் போய், "அப்பாவுக்கு ஏதோ வேலையாம்" என்றான். அவருக்காக எடுத்து வைத்திருந்த சலவை வேட்டியை ராதாமணி பீரோவில் திருப்பி வைத்தார்.

காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராதாமணி ஏறி உட்கார்ந்துவிட்டார். மருத்துவச் சீட்டை எடுக்க உள்ளே ஓடிய கார்த்திகேஷ் கூடத்தில் நின்றுவிட்டான். அதே வேட்டியைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டு, மடியில் பிளாஸ்கோடு ராமதாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, நான் வரவே வேணாம்னா உங்கம்மா சொன்னா?"

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நடுவில் தங்கினால் பாழ் என்று ஊருக்கெல்லாம் எழுதிய பாடம் தனக்கு மட்டும் ஏறவில்லை.

"இல்லப்பா. பயமா இருக்கு, உங்களக் கூட வரச் சொல்லுன்னாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

ராமதாஸ் எழுந்து ஆட்டோவுக்குப் போனார். சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அதைவிட நீளமாக ராதாமணி அதிலேயே பதில் சொன்னார். மூன்று மாதமாகக் கேட்காத பேச்சு. கார்த்திகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருவருக்கும் நடுவில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவனை ஏறச் சொல்ல இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கையில் மருத்துவச் சீட்டோடு நின்றவன், பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.