சீனிப் போத்தலில் சாய்ந்திருந்த அம்மா

என்ட மகளுக்குக் காலைச் சாப்பாடு குடுக்கிறது எண்டா, விளைஞ்ச வயலுக்குள்ள பூந்த மாட்டைக் கலைக்கிறதை விடக் கஷ்டம். மாட்டுக்காவது தடியைக் காட்டலாம். மூண்டு வயசுப் புள்ளைக்கு என்னத்தைக் காட்டுற? வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டுவா.

புள்ளைட தாய், என்ட பொஞ்சாதி, அப்பதான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தா. அடுப்படி என்ட கைக்கு வந்திற்று. நான் கிரான் ஊரில வயல் செய்யிற ஆள். விதைக்கச் சொன்னா விதைப்பன். இடியப்பம் பிழியச் சொன்னா? அதையும் பிழிஞ்சன். "தலமுடி மாதிரிக் கிடக்கு" எண்டு தட்டத்தைத் தள்ளி விட்டா. புட்டு அவிச்சன். அதுக்குள்ள கிடந்த தேங்காய்ப் பூவை ஒவ்வொண்டாப் பொறுக்கி எறிஞ்சா. எருமைத் தயிர் ஊத்தினா மாடு மணக்குதாம். ரொட்டியைத் தோணி மாதிரி வெட்டிக் குடுத்தன், ஆத்தில விடப்போறன் எண்டு தூக்கிக்கொண்டு ஓடிக் கோழிக்குப் போட்டா. கௌப்பிப் பயறு அவிச்சுச் சீனி போட்டன், சீனி போச்சு, கௌப்பி கிடந்திச்சு. பாண்காரன்ட ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வரக்குள்ள ஓடிப்போய்ப் பணிஸ் வாங்குவன். மேல ஒட்டியிருக்கிற சீனியை நக்கிற்று மிச்சத்தை என்ட கையில திருப்பித் தந்திருவா.

பக்கத்து வளவு மச்சாள், என்ட பொஞ்சாதிட தங்கச்சி, வேலிக்கு மேலால எட்டிப் பார்த்துச் சிரிப்பா. "என்ன மச்சான், உங்கட கோழியெல்லாம் நல்லாக் கொழுத்திற்று!"

"நீ வாயைப் பொத்திற்றுப் போ புள்ள" எண்டுவன். மறுகா நான் வயலுக்குப் போனா அவதான் புள்ளையைப் பார்க்கிற.

எங்கட பக்கம் பொம்புளப் புள்ள பொறந்தா அவட பேரில ஒரு வீடு கட்டணும். கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வாற. நானும் அப்பிடித்தான் இந்த வளவுக்கு வந்தவன். மகள் பொறந்த அண்டைக்கே, ஆசுபத்திரிக் கட்டில்ல கிடந்துகொண்டு என்ட பொஞ்சாதி கேட்டா, "இவக்கு எங்க வீடு கட்டுற?" வெள்ளம் ஒரு போகத்தைத் திண்டா வறட்சி மற்றப் போகத்தைத் திங்குது. இதில நெல்லை வித்து வீடு கட்ட ஏலுமா? அதுக்காகத்தான் அவ போனா. மகளுக்கு வீடு கட்டத்தான் மகளை விட்டிற்றுப் போனா.

அண்டைக்கு எங்கட வயலுக்குத் தண்ணி முறை. பிந்திப் போனா அடுத்த ஆள் வாய்க்காலை வெட்டித் தன்ட பக்கம் திருப்பிருவான். நான் புட்டுத் தட்டோட நிண்டு புள்ளையில சத்தம் போடுறன், புள்ள வீரிட்டுக் கத்துறா. அப்பதான் போன் அடிச்சிச்சு. தூக்கிச் சீனிப் போத்தல்ல சாத்தி வைச்சன். தாய்ட முகம் வந்திச்சு.

"ஏன் புள்ளயில சத்தம் போடுறீங்க? மகள், இஞ்ச பாருங்க. அம்மாவைப் பாருங்க. ஆ காட்டுங்க."

வாய் திறந்திச்சு! கடவுளே, அந்த வாய் திறந்திச்சு. நான் ஒரு உருண்டையை வைச்சன். அவ அங்க இருந்து இன்னொரு "ஆ" சொன்னா. இஞ்ச இன்னொரு வாய். தட்டம் வெறுமையாப் போச்சு. தண்ணி முறைக்கும் நேரத்துக்குப் போயிற்றன்.

அதில இருந்து ஒவ்வொரு நாளும் இதுதான். எங்களுக்கு விடிஞ்சு வெயில் ஏறக்குள்ள அங்க இன்னும் இருட்டு. அந்த வீட்டாக்கள் எழும்ப முந்தி இவ எழும்பி, அடுப்படி நிலத்தில சப்பணம் போட்டிருந்து போன் எடுப்பா. மகள் அவவோட கதைச்சுக் கதைச்சுத் திண்டா. எருமைத் தயிரும் திண்டா, தேங்காய்ப் பூவும் திண்டா. கொஞ்ச நாளால, "அம்மாக்கு ஒரு வாய்" எண்டு புட்டை எடுத்துப் போனில அப்பப் பழகிற்றா. அங்க தாய் வாயை அகலத் திறந்து, ஒண்டுமில்லாததை மெண்டு, "நல்ல ருசி மகள்" எண்டுவா. நான் சாரன் தலைப்பால போனைத் துடைப்பன். எங்களுக்கு எவ்வளவு மூளை எண்டு நாங்க ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச நாளும் உண்டு.

ரெண்டு வருசத்தால லீவில வந்தா. கொழும்பில இருந்து பஸ்ஸில வரக்குள்ளயே போனில சொல்லிற்றா, "நாளைக்கு அடுப்படிக்க நீங்க வரப்படாது. நான்தான் மகளுக்குச் சாப்பாடு தீத்துவன்." எத்தனையோ நாளா குவைத் வீட்டுப் புள்ளைக்குத் தீத்திற்று, தன்ட புள்ளைக்குப் போன் கண்ணாடிக்குள்ளால வாயைக் காட்டினவ. ஒரு வாயாவது தன்ட கையால குடுக்கணும் எண்டுதான் அவ வந்தது.

மகள் தாயோட நல்லா ஒட்டிற்றா. கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தா, சீப்பால தலை இழுக்க விட்டா, கடைக்குக் கையைப் பிடிச்சுக்கொண்டு போனா. ஆனா விடிஞ்சு, தாய் புட்டைத் தயிரோட பிசைஞ்சு முதல் உருண்டையை நீட்டக்குள்ள, அந்தப் பழைய வாய் இறுகிப் பொத்திற்று. கண் சீனிப் போத்தல்ல நிண்டிச்சு.

"அப்பா, அம்மாக்குப் போன் எடுங்க."

"அம்மா இஞ்சதானே மகள் இருக்கா" எண்டன்.

"இந்த அம்மா இல்ல. சாப்பாட்டு அம்மா."

நீட்டின கை நீட்டினபடி நிண்டிச்சு. விரலால தயிர் வடிஞ்சு நிலத்தில விழுந்திச்சு.

இடியப்பம் செய்தா, முட்டை ரொட்டி சுட்டா, தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி வைச்சா. ஒண்டும் நடக்கல்ல. நான் தீத்தினாலும் நடக்கல்ல, போத்தல்ல ஆள் வேணும். "பசிச்சா தின்னுவா, விடுங்க" எண்டா மச்சாள். விட்டுப் பார்த்தம். உச்சி வெயில் ஏறுமட்டும் புள்ள வெறும் வயித்தோட சுருண்டு படுத்திருந்தா. தாய் ஒரு நாள் கோவத்தில தட்டத்தைத் தூக்கி முத்தத்தில எறிஞ்சா. மறுகா தானே போய்ப் பொறுக்கிக் கழுவி வைச்சா. எனக்கு ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

லீவு முடியுற கிழமை. புட்டு அவிச்சு, தயிரோட பிசைஞ்சு, தட்டத்தை என்ட கையில தந்தா. "நீங்க தீத்துங்க" எண்டு சொல்லிற்று, தன்ட போனை எடுத்துக்கொண்டு பின்னால கிணத்தடிக்குப் போனா. எனக்கு முதல்ல விளங்கல்ல. கொஞ்சத்தால என்ட போன் அடிச்சிச்சு.

போத்தல்ல சாத்தி வைச்சன். மகள்ட முகம் மலர்ந்திச்சு. "அம்மா!" எண்டு கத்தினா.

"ஆ காட்டுங்க மகள்." அந்தக் குரல் போனுக்குள்ளாலயும் வந்திச்சு, பின் யன்னலாலயும் வந்திச்சு. புள்ள யன்னல் பக்கம் கிறுகிப் பார்க்கவே இல்ல. திண்டா, திண்டா, தட்டம் முடியுமட்டும் திண்டா. கடைசி உருண்டையைத் தானே எடுத்து, "அம்மாக்கு ஒரு வாய்" எண்டு போனில அப்பினா.

நான் யன்னலால பார்த்தன். கிணத்துக் கட்டில இருந்துகொண்டு என்ட பொஞ்சாதி வாயை அகலத் திறந்து, ஒண்டுமில்லாததை மெண்டு, "நல்ல ருசி மகள்" எண்டா.