நான் எங்கே பிறந்தேன் என்று நானே சொல்லக் கூடாதாம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது என்று, முன்பு என்னிடம் கால்பந்து பழகிய ஒரு பெண் செல்பேசியில் அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மூலக்குளத்து வீட்டில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்த நான், கையை நைட்டியிலேயே துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில் என் பெயர். கீழே, "புதுச்சேரி மகளிர் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர், பயிற்சியாளர்." ராஜாக்களும் விஞ்ஞானிகளும் இருக்கிற இடத்தில் நானும் இருந்தேன். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, ஆனாலும் அடுப்பங்கரையிலேயே ஒரு குதி குதித்துவிட்டேன். மூடி ஒன்று உருண்டு ஓடியது.

இரண்டாவது முறை படித்தபோதுதான் பார்த்தேன். "பிறப்பு: குருசுக்குப்பம்."

நான் வைத்திக்குப்பத்துக்காரி. குருசுக்குப்பம் என் வீட்டுக்காரர் பிறந்த ஊர். நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் பந்து என்று வந்துவிட்டால் இந்தக் குப்பமும் அந்தக் குப்பமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. போனை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிப் படித்தார்.

"கரெக்டாத்தான போட்டுருக்கான்? பெரிய ஆளுங்கல்லாம் எங்க குப்பத்துலதான் பொறப்பாங்க."

"யோவ், உன்னக் கட்டிக்கிட்டுதான் நான் அங்க வந்தேன். பொறந்தது வைத்திக்குப்பத்துல."

"என்னக் கட்டிக்கிட்டப்பதான் உனக்கு ஜென்மமே கெடச்சிது. அத மனசுல வச்சி எழுதிருப்பான்."

பக்கத்தின் மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். ஒரு கணக்குத் தொடங்கி ஊரைத் திருத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. 'கோல்கீப்பர்' என்பதற்கு முன்னால் 'புகழ்பெற்ற' என்று சேர்த்தேன். கொஞ்சம் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. 'சுவர்போல் நின்ற' என்று சேர்த்தேன். மீன் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் நான் 'எதிரணியினர் கனவிலும் அஞ்சிய' ஆளாகியிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் மறுபடியும் குருசுக்குப்பம். யாரோ மாற்றியிருக்கிறார்கள். திருத்தினேன். சற்று நேரத்தில் மறுபடி குருசுக்குப்பம். பழைய எதிரணி ஆட்டக்காரி எவளோ வயிற்றெரிச்சலில் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரர் கூடத்தில் ஃபேனுக்கடியில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் புலம்பினேன். "உலகத்துல பொறாம புடிச்சவங்க ஜாஸ்தி" என்று ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் பக்கமே பூட்டப்பட்டிருந்தது. உரையாடல் பகுதியில், அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்கிற தன்னார்வலர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். "வணக்கம். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகள் வழியாக நீங்களே உங்களோடு சண்டையிடுவதாகத் தெரிகிறது. அன்புகூர்ந்து நிறுத்தவும்."

மெதுவாகத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தேன். அவர் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யோவ்!"

"சும்மா ஒரு வெளாட்டுக்கும்மா" என்றார். தலையணையைப் பிடுங்கி அவரையே அடித்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

தன்னார்வலருக்கு உள்ளதை எழுதினேன். "ஐயா, அந்தப் பக்கத்தில் இருப்பது நான்தான். இன்னொருவர் என் கணவர். அவர் குருசுக்குப்பம்." உடனே பதில் வந்தது. "அப்படியானால் உங்கள் இருவருக்குமே நலமுரண் இருக்கிறது." நல்ல மனிதர், பொறுமையாக விளக்கியும் இருந்தார். தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தராசுத் தட்டில் கை பட்டுவிடும், வேண்டிய திருத்தத்தை இங்கே சொன்னால் வேறு ஒருவர் பார்த்துச் செய்வார், அதற்கும் அச்சில் வந்த சான்று வேண்டும் என்றார். 'கனவிலும் அஞ்சிய' என்பதற்கும் சான்று உண்டா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நான் எங்க பொறந்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன்.

"பொறக்கும்போது நீ பாத்தியா இன்னா?"

தலையணையை மறுபடி கையில் எடுத்தேன்.

மறுநாள் இருவரும் வண்டியில் வைத்திக்குப்பம் போனோம். என் அக்கா அங்கே மீன் விற்கிறாள். என்னைப் பற்றி ஒரு மாலைப் பத்திரிகையில் வந்ததை அவள்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, நீ இந்த ஊட்லதான் பொறந்தன்னு நான் சொல்றேன். அந்தப் பேப்பரு என்னவுட ஒசத்தியா?"

சட்டத்தை இறக்கித் துடைத்தோம். முதல் வரியே "வைத்திக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த" என்றுதான் இருந்தது. கைதட்டினேன். ஆனால் அதன் கீழேயே மற்றதும் இருந்தது. மழையில் நடந்த ஆட்டம். பந்தைப் பிடித்து, தூர வீசக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். பந்து வழுக்கி என் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. சேம் சைடு கோல். அதையும் விலாவாரியாக எழுதியிருந்தார்கள்.

"கீழ கட்டவெரல வச்சி மறச்சிட்டு போட்டோ எடு" என்றார் வீட்டுக்காரர். எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், செய்தியைவிட என் விரல்தான் எடுப்பாகத் தெரிந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நீ போட்ட கோலு ஊருக்கே தெரியும். இன்னாத்துக்குடி வெரலு?"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து, அதைத்தான் அனுப்பினேன்.

பக்கம் சீக்கிரமே சரியாயிற்று. பிறப்பு: வைத்திக்குப்பம். சுவரும் கனவும் போய்விட்டன. 'புகழ்பெற்ற'கூட மிஞ்சவில்லை. புதிதாக ஒரு வரி மட்டும் வந்திருந்தது. "ஒரு போட்டியில் பந்தை வீச முயன்றபோது கை வழுக்கித் தன் வலைக்குள்ளேயே கோல் விழச் செய்தார். எனினும் அவரது அணி வென்றது." அதற்கும் அடிக்குறிப்போடு சான்று. அக்கா அதை மனப்பாடம் செய்து, மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தாள்.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது, என்னிடம் பழகுகிற பெண்கள் மைதானத்தில் கும்பலாக நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், அந்த கோலு எப்டி போட்டீங்க? ஒருவாட்டி காட்டுங்க மேடம்!"

விசிலைக் கழற்றி ஒருத்தியிடம் கொடுத்தேன். கோல் கம்பத்தின் கீழே போய் நின்று பந்தைக் கையில் வாங்கினேன். கையைப் பின்னால் கொண்டுபோய், அப்படியே நழுவவிட்டேன். பந்து அழகாக வலைக்குள் போய்ச் சுழன்றது. "கோல்!" என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். எழுந்திருக்க முடியாமல் கோட்டின் மேலேயே கிடந்து சிரித்தேன்.