நாத்தனார் இறங்காத கடல்

கால்கள் மேலே, தலை கீழே. கோவளத்துக் கடலுக்கடியில் என் நாத்தனார் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தார். ஈயக்கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டை நழுவி மார்புக்கு ஏறிவிட்டிருந்தது. துடுப்பு மாட்டிய இரண்டு பாதங்களும் வானத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன. வங்கிக் கிளைக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் தானாக அடங்குகிற மேலாளர் அவர். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவராகம் தெருவில் புடவை மடிப்புக் கலையாமல் நடக்கிறவர். அன்று அவர் வாயிலிருந்து கிளம்பிய குமிழிகளின் வேகத்தைப் பார்த்தே விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். நானும் சிரித்தேன். நீருக்கடியில் சிரித்தால் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்பதை இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

அவர் என் கணவருக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். திருநெல்வேலியிலிருந்து, மலையாள மண்ணில் குடியேறிய இந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்த எனக்கு முதலில் அவரிடம் பயம்தான். காபியில் சர்க்கரை போதுமா என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவளம் போயிருந்தபோது, ஸ்கூபா பயிற்சி நிலையத்தின் பலகை முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் போனேன்.

"சின்ன வயசுலேர்ந்து ஒரு ஆசை உண்டு. சொன்னா சிரிப்பே" என்றார்.

"சிரிக்க மாட்டேன், சொல்லுங்கோக்கா."

"அடியில என்ன இருக்குன்னு பாக்கணும். தனியா இறங்க தைரியம் இல்லை. நீ வந்தா நானும் வருவேன், கேட்டோ."

கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நீச்சல் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஆனால் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கடலுக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது, ஒருவருக்கு ஒருவர் துணை. பயிற்சியாளர் என்னைக் காட்டி, "இதாணு சேச்சியுடெ பட்டி" என்றார். அவர் சொல்ல வந்தது, இவள்தான் அக்காவின் 'buddy', அதாவது துணை என்று. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நன்னா குரைக்கும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பயம் போயிற்று.

சான்றிதழ் வாங்கினோமே தவிர, மிதப்பு எங்கள் இருவருக்கும் கைவரவில்லை. மேலேயும் ஏறாமல் கீழேயும் விழாமல் மூச்சை வைத்தே ஒரே இடத்தில் நிற்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பார்கள். நான் கல்லாக இறங்கி அடிமணலைக் கலக்குவேன். அவர் பலூனாக மேலே போய்விடுவார். ஒருவர் கையை ஒருவர் பிடித்தால் சராசரியில் சரியாக நிற்போம்.

மழைக்காலம் தொடங்கினால் மாதக்கணக்கில் கடலில் இறங்க முடியாது. ஒரு வருஷம், அதற்கு முந்தைய கடைசி வாரம் அவருக்கு ஜலதோஷம். யாரிடமும் சொல்லவில்லை. காது அடைத்திருக்கும்போது கீழே போகக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் போனார். மேலே வந்தபோது முகக்கண்ணாடிக்குள் ரத்தம். படகில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பூமி சுத்தறதுடீ" என்றார். இடது காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பவே இல்லை. இனிக் கடலுக்கடியில் போவதை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அதுவரை வெளியூர் மாற்றத்தோடு வந்த பதவி உயர்வுகளை மறுத்துக்கொண்டே இருந்தவர், அடுத்து வந்ததை வாங்கிக்கொண்டு நாக்பூருக்குப் போனார். ரயிலடியில் நான் அழுதேன். "கடலைப் பாத்துண்டே இறங்காம இருக்கறது என்னால முடியாது. கடலே இல்லாத ஊருன்னா ஒரு நிம்மதி" என்றார். அப்புறம் என் கன்னத்தைத் தட்டி, "நீ நிறுத்தப்படாது" என்றார்.

நிறுத்தித்தான் விட்டேன், வருஷக்கணக்கில். விழிஞ்ஞம் பக்கம் காரில் போகும்போது கடல் தெரியும் வளைவில் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். துணையில்லாமல் இறங்குவது துரோகம் மாதிரி இருந்தது. இந்த வருடம் தொலைபேசியில் அவரே ஆரம்பித்தார். "நீ மறுபடியும் இறங்கணும், எங்கேன்னு முடிவு பண்ணு. நானும் இங்கேர்ந்தே சேர்ந்து தேடறேன்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. நேத்ராணித் தீவை நான் சொன்னேன். "பாறையும் ஆழமுமா இருக்கு. நீ இன்னும் கல்லு மாதிரி விழறவ. வேண்டா" என்றார். லட்சத்தீவுக்கு அனுமதி வாங்கும் அலைச்சல். புதுச்சேரியில் படகுப் பயணம் நீளம். அழகான பவளப்பாறை இருக்கிற இடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ மணல் இருக்கிற இடமாகத் தேடினார். "ஆழம் கம்மியா, நீரோட்டம் இல்லாம, அடியில வெறும் மணல். விழுந்தாலும் ஒண்ணும் உடையாது. முதல்ல நிக்கக் கத்துக்கோ, அப்புறம் அழகு பாக்கலாம்." தனியாக வருகிறவருக்கு யாரைத் துணையாகத் தருவீர்கள் என்று நிலையங்களுக்குப் போன் செய்து கேட்டதும் அவர்தான். கடைசியில் அந்தமானில் ஹாவ்லாக் தீவு முடிவாயிற்று.

துணையாக வந்தவள் குறைவாகப் பேசுகிற ஒரு பயிற்சியாளர். என் இடுப்பிலிருந்து ஈயக்கட்டிகளில் பாதியைக் கழற்றினாள். மூன்றாம் நாள் காலை, வெளிறிய மணலுக்கு ஒரு முழம் மேலே, மூச்சை இழுத்தேன்; மெல்ல எழும்பினேன். விட்டேன், மெல்லத் தாழ்ந்தேன். நடுவில் ஓர் இடம் இருந்தது. அங்கே நின்றேன். கையை ஆட்டவில்லை, காலை உதைக்கவில்லை, ஒரு மணல் துகள்கூடக் கலையவில்லை. சந்தோஷத்தில் என் கை தானாக இடப்பக்கம் நீண்டது, வழக்கமாக அவர் கை இருக்கும் பக்கம். அங்கே நீலம் மட்டும் இருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் இல்லாததை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

கரைக்கு வந்ததும், ஈர உடையைக்கூடக் கழற்றாமல் அவரைக் கூப்பிட்டேன். வங்கியில் இருந்தார்.

"நின்னுட்டேன்க்கா."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம். "எப்படி இருந்தது?"

"நீங்க இருந்திருக்கணும்" என்றேன்.

"அங்கே அலை சத்தம் கேக்கறதா?"

"கேக்கறது."

"ஃபோனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. இரு இரு, நல்ல காதுக்கு மாத்திக்கறேன்."

முழங்கால் தண்ணீரில் போய் நின்று போனைக் கடலை நோக்கி நீட்டினேன். சிறிய அலைகள்தான், வந்து வந்து கலைந்தன. போதும் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். கை கடுத்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.