கிரேட்டான் மேல் ஒரு வீடு

நில இயல் படித்துவிட்டு, ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டும் லைனில் நிற்பவன் நான். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் எரிச்சல் வரும். யாருமே கேட்காவிட்டால் அதைவிட எரிச்சல் வரும். நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்கார அக்கா கேட்டார். என் வெட்கக்கேடு அங்கேதான் தொடங்கியது.

கம்பெனிகளுக்குப் போனது போக அக்காவுக்கு மிஞ்சியது ஒரு துண்டு நிலம். அதில் குடும்பத்துக்கு வீடு கட்டக் கடைக்கால் தோண்ட இருந்தார்கள். முதலில் மண்ணைப் பரிசோதித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ மண்ணு, கல்லு பத்திதானே படிச்ச? இந்த மண்ணு ஒரு மாதிரி கீது. வெயில்ல கால் நொழையற அளவுக்கு வெடிக்கும், மழையில உப்பிக்கும். ஆழமா தோண்டணுமா?"

அன்று காலைதான் சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன். என்னையும் மதித்து ஒருவர் கேட்கிறாரே என்ற போதை தலைக்கேறிவிட்டது.

"அக்கா, நீங்க மேல்மண்ணப் பாத்துப் பயப்படுதீங்க. அடியில கெடக்கது கிரேட்டான். கோடிக்கணக்கான வருஷமா அசையாத பாறை. அதுக்கு மேல மலையே எழும்பித் தேஞ்சுபோச்சு. உங்க வீடா அசையப் போவுது?"

"இன்னாது, கிரேட்டானா?" அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேஸ்திரியிடமும் போய்ச் சொன்னார். பரிசோதனை நடக்கவில்லை. கடைக்கால் இடுப்பளவு ஆழத்தோடு நின்றது.

சொல்லுக்கு நான் கொடுத்த அர்த்தம் சரிதான். கண்டங்களின் மிகப் பழைய, கலையாமல் நிலைத்த பாகத்துக்குத்தான் கிரேட்டான் என்று பெயர். ஆனால் அதை மாவட்டம் மாவட்டமாகப் பரந்து, பல மைல் ஆழம் இறங்குகிற பாறைக்குச் சொல்வார்கள். கர்நாடகத்தில் தார்வார் பக்கம் அப்படி ஒன்று உண்டு. ஒரகடம் அதில் சேருமா என்பதே சந்தேகம். சேர்ந்தாலும் ஒரு மனைக்கு அந்தச் சொல்லால் காலணா பிரயோஜனம் இல்லை. வீடு நிற்பது மேலே இருக்கும் களிமண்ணில். முதல் வருடப் பாடம் இது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கதை அளந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். "இந்தத் தம்பி சொன்ன தைரியத்துலதான் கட்டனேன்" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார். வெட்கமில்லாமல் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சுவர் பிளந்தது. என் சுண்டுவிரல் உள்ளே போனது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"உன் பாறை மேல தப்பு இல்ல தம்பி. மேஸ்திரிதான் சிமெண்டுல கை வச்சிட்டான்" என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தெருவில் நின்று அவர் மேஸ்திரியைத் திட்டியபோதும் திறக்கவில்லை. பரிசோதனை செய்யச் சொன்ன ஒரே மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். என் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேரே அக்காவிடம் போனேன். மேஸ்திரி மேல் தப்பில்லை, பாறையைக் காட்டி மண்ணை மறைத்தவன் நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"மண்ணு அப்டிதான்னு எனக்கு அப்பவே தெரியும். சின்ன வயசுலேந்து அதுல நாத்து நட்டவ நான். நீ சிரிச்ச. படிச்ச புள்ள சிரிக்குதேன்னு வாய மூடிக்கினேன். போ, போய் மேஸ்திரிகிட்ட இத சொல்லு."

போய்ச் சொன்னேன். ஆனால் அன்று நான் சிரித்தேன் என்பது, அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.