தாலி ஏறும் நேரத்தில் அறுந்த நேரலை

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற புத்தூரில் என் ஸ்டூடியோவுக்கு ஒரு காலத்தில் குவைத்காரர்கள் வீட்டுக் கல்யாணங்கள்தான் சோறு போட்டன. அங்கே போனவர்களுக்கு லீவு கிடைக்காது, இங்கே கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது. கேசட்டில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். அது போய்ச் சேருவதற்குள் பொண்ணு முழுகாமல் இருப்பாள்.

பிறகு நேரலை வந்தது. முதல் தடவை, நான் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே குவைத்திலிருந்து ஒருத்தர், "எங்க சித்தப்பாவக் காட்டுபா" என்று எழுதினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தேர்தல் சமயத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா குவைத்தில் டிரைவர். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று போனும் கையுமாக அங்கே உட்கார்ந்திருந்தார். முகூர்த்தத்துக்குச் சரியாகக் கட்சித் தலைவர் வந்து இறங்கினார். தலைவர் படியேறினால் அவருடைய பிரசாரப் பாட்டு ஒலித்தாக வேண்டும் எங்கள் பக்கத்தில். இல்லையென்றால் மரியாதை தெரியாத வீடு என்பார்கள். பெண்ணின் தாய்மாமன் மைக்செட்காரருக்குக் கை காட்டினார். சினிமாப் பாட்டின் இசையை அப்படியே வைத்துக்கொண்டு, வார்த்தையை மட்டும் மாற்றித் தலைவரைப் புகழ்கிற தெலுங்குப் பாட்டு. மண்டபமே அதிர்ந்தது. அதோடு நேரலையும் அறுந்தது.

நெட் போய்விட்டது என்று பல்லைக் கடித்தேன். பார்த்தால், இந்த இசையின் உரிமை ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அதனால் ஒளிபரப்பை நிறுத்திவிட்டோம் என்று திரையில் செய்தி. காப்பிரைட் என்றால் போலீஸ் வந்து கடையில் சிடிக்களை அள்ளிக்கொண்டு போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கேயோ இருக்கிற மிஷின், இத்தனை கூச்சலுக்கு நடுவில், வார்த்தை மாறியும், பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதே! அந்த நிமிஷத்தில் சாமியை நினைத்துப் பயப்படுவது போலப் பயந்தேன்.

பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, நைனாவுக்குத் தெரியலயா?"

"நின்னுபோச்சும்மா."

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா பாக்குற வரிக்கும் வாணாம்."

"முகூர்த்தம் போய்க்கினு இருக்குதும்மா" என்றார் ஐயர்.

"போவட்டும்."

தாய்மாமன் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் விஷயம் என்னவென்று கேட்டுக்கொண்டு, "பாட்ட ஆபண்ட்ரா" என்று தெலுங்கில் தன் ஆட்களை அதட்டினார். பாட்டு நின்றது, நேரலை திரும்பவில்லை. என் போனிலிருந்து பெண்ணின் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, மணமேடையில் ஏறிப் பெண்ணுக்கு நேரே நீட்டினேன்.

அப்பா தெரிந்தார். குவைத்தில் தன் அறையில் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் கலந்த அரிசி.

"பாத்துக்கினுதான்மா கீறேன். கட்டச் சொல்லு."

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அவர் மகள் தலையில் போடுவதாக நினைத்து அரிசியைத் தன் போன் மேல் போட்டார். மணிகள் கண்ணாடியில் வந்து விழுவது இங்கே தெரிந்தது. பெண் என் கையிலிருந்த போனுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.